மலைமேல் தீபம், பீடத்தில் திரி



"சாமி, பெரிய கார்த்திகை அன்னைக்கு நம்ம வீட்டு வாசல்ல அகல் விளக்கு வைக்கலாமா?" திருவண்ணாமலைப் பகுதியில் பங்குப்பணி செய்யும் நமக்கு ஆண்டுதோறும் தவறாமல் வருகிற கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். தெரு முழுவதும் விளக்கு வரிசையாக எரியும்போது நம் வீட்டு வாசல் மட்டும் இருண்டு கிடக்கிறது; ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மறுபக்கம், "அது அவங்க பண்டிகை, நமக்கு எதுக்கு?" என்று மாமியாரோ செபக்கூட்டத்து அன்பரோ சொல்லியிருப்பார். இரண்டு குரல்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்கப்படும் கேள்விக்கு 'ஆகும்', 'ஆகாது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தத் தாய் கேட்பது விளக்கைப் பற்றி மட்டும் அல்ல. தன்னைச் சுற்றியிருக்கும் மக்களோடு தான் எவ்வளவு தூரம் சேர்ந்து நிற்கலாம் என்பதையே அவர் கேட்கிறார். ஆகவே சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம்.

முதலில், இந்த விளக்கு ஏன் இந்த மாதத்தில் ஏற்றப்படுகிறது?

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பது நம் ஊர்ப் பழமொழி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. வானம் வெளுக்கத் தொடங்கும் நேரத்தில், கார்த்திகை விண்மீனோடு முழுநிலவு சேரும் இரவில், தமிழர் விளக்கேற்றுகின்றனர். இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் இந்த இரவைக் காட்டுகிறார். மழை நீங்கிய வானம், உழவு ஓய்ந்து கிடக்கும் கலப்பை, கார்த்திகையோடு சேர்ந்த முழுமதி, தெருவெங்கும் விளக்கு, தொங்கும் மாலைகள் என அனைத்தும் அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. அந்த விளக்குகளைப் பார்க்கும் பெண்ணின் கணவன் ஊரில் இல்லை. பொருள் தேடித் தொலைவில் போயிருக்கிறான். இந்த விழாவை நம்மோடு சேர்ந்து கொண்டாட அவன் வந்துவிட மாட்டானா என்பதே அவளது ஏக்கம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகை விளக்கு, வராத ஒருவனை நினைத்து எரிந்திருக்கிறது.

நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்று: கார்த்திகை விளக்கு முழுநிலவு நாளில் ஏற்றப்படுகிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் இருட்டை விரட்ட விளக்கு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கார்த்திகையிலோ வானத்தில் நிலவே காய்கிறது. வெளிச்சம் போதவில்லை என்பதற்காக இந்த விளக்கு ஏற்றப்படவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். வாசலில் மட்டுமா வைக்கிறார்கள்? கிணற்றடியில் ஒன்று, மாட்டுத் தொழுவத்தில் ஒன்று, எருக்குழி ஓரத்தில் ஒன்று. தீபத்துக்கு மறுநாளைக் 'குப்பைக் கார்த்திகை' என்றே அழைத்துக் குப்பைமேட்டில் விளக்கு வைக்கும் வழக்கமும் கிராமங்களில் உண்டு. யாரும் உட்கார்ந்து படிக்கப் போகாத, சமைக்கப் போகாத இடங்களுக்கு எதற்கு விளக்கு? அந்த இடமும் நம் வாழ்வைத் தாங்குகிறது, அதுவும் இருளில் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான். நம் மறையுரைகளில் பல சமயம் சொல்ல வராத ஒன்றை ஓர் எருக்குழி விளக்கு எளிதாகச் சொல்லிவிடுகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். திருவண்ணாமலையில் பத்து நாள் விழாவின் இறுதி நாளன்று அதிகாலை நான்கு மணியளவில் கோவிலுக்குள் பரணி தீபம் ஏற்றுகிறார்கள். ஒரு சுடரிலிருந்து ஐந்து விளக்குகள் ஏற்றப்படுகின்றன. ஒன்று பலவாவதையும், பல மீண்டும் ஒன்றாவதையும் இது குறிக்கும் என்பது சைவப் பெரியோர் தரும் விளக்கம். மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் செம்புக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஏறக்குறைய 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடாத் துணித் திரி; இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு சற்றுக் கூடும், குறையும். நெய்யில் பெரும்பகுதி மக்கள் அளிக்கும் காணிக்கை. தீபம் ஏற்றும் உரிமை தலைமுறை தலைமுறையாகப் பர்வதராஜ குலத்தாரிடம் இருக்கிறது. அவர்கள் மீனவர் மரபினர். (கலிலேயக் கடலோரத்தில் வலையை விட்டுவிட்டு வந்தவர்களின் வழிவந்த திருஅவைக்கு இது ஓர் இனிய செய்திதானே!) பதினொரு நாட்கள் அந்தச் சுடர் எரிகிறது. பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்தும் தெரிகிறது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க முடியாதவர்கள், பேருந்தில் ஏறி வர முடியாதவர்கள், கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள் ஆகியோருக்கும் சன்னல் வழியே அது தெரிகிறது.

இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் வெவ்வேறு நாட்டு விளக்கு விழாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அவற்றின் பொது அம்சம் 'ஒளி' என்று பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது மேலோட்டமான பதில். யாருக்காக எரிகிற ஒளி என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வடநாட்டு இருளும் நம் மழையும்

ஐரோப்பியத் திருவழிபாட்டு வழக்கங்களை நாம் பெற்றுக்கொண்டபோது அவற்றின் பருவத்தையும் சேர்த்தே பெற்றுக்கொண்டோம். டிசம்பர் இறுதியில் ஸ்டாக்ஹோம் நகரில் பகல் ஆறு மணி நேரம்தான். நம் ஊரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை. கதிரவன் திரும்பி வருவானா என்று நடுங்கிய அனுபவம் நமக்கு இல்லை. நம் பருவத்தின் பயம் வேறு: ஏரி உடைவது, ஓலைக்கூரை ஒழுகுவது, கூலி வேலை நின்று அடுப்பு எரியாமல் போவது. ஆகவே கிறிஸ்து பிறப்பு விழா மறையுரையில் 'நீண்ட குளிர்கால இருள்' என்று நாம் பேசும்போது நம் மக்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் உண்மை. 'அடைமழை' என்றால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறியுள்ள நம் தமிழ் மக்களோ கொளுத்தும் கோடையில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். பருவம் மாறினாலும் விழா நிற்கிறது.

டிசம்பர் 25 என்ற நாளே பருவத்தோடு தொடர்புடையதா? உரோமையில் 4-ஆம் நூற்றாண்டில் இந்த நாளில் விழா கொண்டாடப்பட்டதற்குச் சான்று உண்டு. உரோமையர் கதிரவனுக்கு எடுத்த விழாவின் இடத்தில் இது வந்தது என்பார் சிலர். மார்ச் 25-இல் கிறிஸ்து கருவானார் என்று கணக்கிட்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பார் சிலர். அறிஞர்களிடையே இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் புனித அகுஸ்தீனார் இந்தப் பருவ அடையாளத்தைத் தயங்காமல் பயன்படுத்தினார். திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவுக்குப் பின் (சூன் 24) பகல் குறையத் தொடங்குகிறது, கிறிஸ்துவின் பிறப்புக்குப் பின் பகல் வளரத் தொடங்குகிறது என்பதை யோவான் நற்செய்தி 3:30-உடன் இணைத்துக் காட்டியவர் அவர்.

விழாக் காலத்தைக் கணிப்பதில்கூட நமக்குள் ஓர் ஒற்றுமை. கார்த்திகைத் தீபத்துக்குக் கதிரவனின் மாதமும் வேண்டும், நிலவின் நிறைவும் வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் அப்படியே: இரவும் பகலும் சமமாகும் இளவேனில் நாளுக்குப்பின் வரும் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு. இதற்கு மாறாக, இசுலாமியரின் நாட்காட்டி முழுவதும் நிலவையே பின்பற்றுவதால் ரமலான் மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றி வர ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகின்றன. பருவத்தில் வேரூன்றாத நோன்பும் ஆழமானதாக இருக்கும் என்பதற்கு நம் பக்கத்துத் தெரு இசுலாமியச் சகோதரர்களே சாட்சி.

இப்போது விளக்கைப் பற்றி மூன்று செய்திகள்.

யூதர்களின் அர்ப்பண விழாவை (அனுக்கா) நாம் விவிலியத்திலேயே சந்திக்கிறோம். அந்நியர் தீட்டுப்படுத்திய எருசலேம் கோவிலை யூதா மக்கபேயும் அவருடைய சகோதரர்களும் கி.மு. 164-இல் தூய்மைப்படுத்திப் புதுப்பலிபீடம் கட்டி எட்டு நாள் விழா எடுத்ததை 1 மக்கபேயர் 4-ஆம் அதிகாரம் கூறுகிறது. இந்த விழாவின்போது குளிர்காலத்தில் இயேசு கோவிலில் நடந்துகொண்டிருந்ததை யோவான் 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற புகழ்பெற்ற கதை மக்கபேயர் நூலில் இல்லை. பிற்கால யூத மரபில் வருகிறது. அந்த மரபு விளக்கைப் பற்றி இரண்டு விதிகள் சொல்கிறது. முதலாவது, அந்த விளக்கின் வெளிச்சத்தில் எந்த வேலையும் செய்யக்கூடாது. அது பார்ப்பதற்கு மட்டுமே. இரண்டாவது, அதை வீட்டுக்குள் மறைத்து வைக்காமல் வாசலின் வெளிப்புறத்திலோ தெருவைப் பார்த்த சன்னலிலோ வைக்க வேண்டும். ஆபத்தான காலத்தில் மட்டும் மேசைமேல் வைத்தால் போதும். அதாவது வழியில் போகிறவர்களுக்கான விளக்கு! வாசலில் அகல் வைக்கும் நம் ஊர்த் தாய்க்கு இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது புனித லூசியா. 304-ஆம் ஆண்டளவில் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் மறைசாட்சியாக இறந்த கன்னிப்பெண். அவரது பெயரிலேயே ஒளியைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருக்கிறது. விழா டிசம்பர் 13. பழைய ஜூலியன் நாட்காட்டியில் இடைக்காலத்தில் இந்த நாள் ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டி வந்தது. அதனால்தானோ என்னவோ, கத்தோலிக்கப் புனிதர்களின் விழாக்களை எல்லாம் ஓரம் கட்டிவிட்ட லுத்தரன் நாடான சுவீடன், இந்த இத்தாலியப் பெண்ணை மட்டும் விடவில்லை! வெண்ணுடை அணிந்த சிறுமி தலையில் மெழுகுதிரிக் கிரீடத்தோடு விடியற்காலை இருளில் நடந்து வருகிறாள். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இந்த ஊர்வலம் நடக்கிறது.

மூன்றாவது, நம் ஆலயங்களில் திருவருகைக் காலத்தில் வைக்கும் பசுமை வளையமும் நான்கு திரிகளும். இதை ஆதிகாலத்திலிருந்து நம்மிடம் இருந்த கத்தோலிக்க வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கியது. கிறிஸ்து பிறப்பு விழா எப்போது வரும் என்று நச்சரித்த சிறுவர்களுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சிறு திரிகளும் ஞாயிறுகளுக்குப் பெரிய திரிகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். 20-ஆம் நூற்றாண்டில்தான் அது கத்தோலிக்க ஆலயங்களுக்குள் பரவலாக நுழைந்தது. வீடில்லாச் சிறுவர்களுக்காக ஏற்றிய திரி இன்று நம் பீடத்தருகே நிற்கிறது. 'இது நம்முடையது, அது அவர்களுடையது' என்று கோடு கிழிப்பவர்கள் இந்த வரலாற்றையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

விழா நடத்தும் முறையிலும் நாம் அண்டை அயலாரோடு எவ்வளவு கலந்திருக்கிறோம்! கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், தேர்பவனி. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் விழா. தமிழ் மண்ணில் விழா என்றால் கொடி ஏறித் தேர் ஓட வேண்டும். நம் முன்னோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபோது இந்த விழாமொழியையும் கூடவே கொண்டு வந்தனர். யாரும் குறை சொல்லவில்லை.

2024-ஆம் ஆண்டு

இவற்றையெல்லாம் ஏட்டளவில் பேசிக்கொண்டிருந்த நம்மை உலுக்கியது 2024-ஆம் ஆண்டு. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. திருவழிபாட்டு ஆண்டின் தொடக்கமான திருவருகைக்கால முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லூக்கா 21-ஆம் அதிகாரம்: கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, மக்களின் அச்சம். ஆலயங்களில் காலையில் அது வாசிக்கப்பட்டது. அன்று மாலை திருவண்ணாமலையில், தீபம் ஏற்றப்படும் அதே மலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், ஊறிப்போன மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த எழுவர் இறந்தனர். அவர்களில் ஐவர் சிறார். மீட்புப் படையினர் உடல்களை வெளியே எடுக்கவே நாட்கள் ஆயின.

டிசம்பர் 4-இல் கோவிலில் கொடி ஏறியது. டிசம்பர் 13-இல் தீபம். மலையின் மண் இளகியிருந்ததால் அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தேவையானவர்கள் மட்டும் கொப்பரையையும் நெய்யையும் திரியையும் மேலே கொண்டுபோக, மாலையில் சுடர் எழுந்தது. அது புனித லூசியாவின் நாளும்கூட.

இப்போது கேள்வி வேறுவிதமாக வருகிறது. ஐந்து பிள்ளைகள் மண்ணுக்குள் போய்ப் பன்னிரண்டு நாளே ஆகியிருந்த நிலையில், அந்த மலையின்மேலேயே விழா விளக்கு ஏற்றலாமா? நமக்கும் கேட்கத் தோன்றியது. சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடாதது தமிழர் வழக்கம். அந்த வழக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் விழா என்பது எல்லாம் நன்றாக இருப்பவர்களின் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கேள்விக்கு 'கூடாது' என்ற விடை வரும். நம் சமய மரபுகள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதே நாம் சொல்ல விரும்புவது.

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தை எண்ணிப் பாருங்கள். பாம்பு தீண்டி இறந்த ஒரு சிறுமி. அவளுடைய எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில். தந்தை அதைக் காத்து வைத்திருக்கிறார். அந்தக் குடத்தின் முன் நின்று, ஆண்டு முழுவதும் வரும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போய்விடுவாயோ என்று அவளைக் கேட்பதாக அமைந்தது அப்பதிகம். ஐப்பசி ஓணம், மார்கழி ஆதிரை, தைப்பூசம் என்று வரும் அவ்வரிசையில் கார்த்திகை விளக்கும் உண்டு. விழாக்களின் பட்டியல் ஒரு பிள்ளையின் சாவுக்கு முன்னால்தான் சொல்லப்பட்டது! அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்பது சைவ மரபு.

நம் திருவழிபாட்டு நாட்காட்டியும் இதே துணிவோடுதான் அமைந்திருக்கிறது. டிசம்பர் 25-இல் குழந்தை பிறக்கிறார். டிசம்பர் 28-இல் மாசில்லாக் குழந்தைகளின் விழா: ஏரோது கொன்று போட்ட பெத்லகேமின் பிள்ளைகள். கேக்கும் வாழ்த்து அட்டைகளும் முடிவதற்குள் திருஅவை நம்மை அந்தத் தாய்மார்களின் அழுகைக்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. நம்மில் பலர் அந்த நாளைக் கவனிக்காமலே கடந்து போகிறோம். 2024 டிசம்பர் 28-இல் திருவண்ணாமலைப் பகுதியில் இருந்த எவரும் அப்படிக் கடந்திருக்க முடியாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருக்கும். கல்லறைமேல் ஏற்றிய மெழுகுதிரி அணையும், மீண்டும் ஏற்றுவார்கள். மீண்டும் அணையும். குடையை நம் தலைக்குப் பிடிக்காமல் திரிக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிற மக்களை எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறோம்.

2020-ஐயும் மறக்க முடியாது. கொரோனா பரவிய அந்த ஆண்டில் ஏப்ரலில் பாஸ்கா திருவிழிப்பை ஆலயக் கதவுகளை மூடிக்கொண்டு நடத்தினோம். நவம்பர் 29-இல் மகாதீபம். வெளியூர்ப் பக்தர்கள் வர அனுமதி இல்லை. அந்த நாளும் திருவருகைக்கால முதல் ஞாயிறே. கூட்டமில்லாத ஊருக்கு மேலே சுடர் எரிந்தது. வர முடியாதவர்களுக்காக எரிகிற விளக்கு என்று முன்பு சொன்னோமே, அந்த ஆண்டு நாம் எல்லாருமே வர முடியாதவர்களாக இருந்தோம்.

வ.உ.சி. நகரைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் மலைச்சரிவுக்குக் கீழே குடியிருப்பது எவருக்கும் விருப்பமான காரியம் அன்று. வேறு இடத்தில் மனை வாங்க முடியாதவர்களே அங்கே வாழ்கிறார்கள். விளக்கைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

எல்லாம் ஒன்றா?

அப்படியானால் எல்லா விழாவும் ஒன்றுதானே என்று சிலர் முடிவு கட்டுவார்கள். மேடைகளில் இது எளிதாகக் கைதட்டல் வாங்கும். நாம் உடன்படவில்லை. சைவ அன்பருக்கு அந்த மலையே சிவபெருமான். அடியும் முடியும் தேடிய திருமாலும் நான்முகனும் காண முடியாத அனல்தூண் என்றே அதை வணங்குகிறார். பாஸ்கா திரியை நாம் வணங்குவது, இறந்து உயிர்த்த ஒருவரை, ஒரு குறிப்பிட்ட காலத்தில் போஞ்சு பிலாத்துவின் கீழ்ப் பாடுபட்ட இயேசுவை, அது குறிப்பதால்தான். அவரவர் நம்பிக்கையை இன்னொன்றாக மாற்றிச் சொல்வது இருவருக்குமே அவமதிப்பு. ஆயினும் அனல்தூண் வரலாற்றில், தேடிப் பிடித்துவிடலாம் என்ற செருக்குக்கு இறைவன் அகப்படுவதில்லை என்ற உண்மை இருக்கிறது. எரியும் முட்செடிமுன் முகத்தை மூடிக்கொண்ட மோசேக்கு (விடுதலைப் பயணம் 3) அது விளங்கியிருக்கும்.

இந்த வேறுபாட்டையும் நெருக்கத்தையும் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஒருவர் நம் மலையிலேயே இருந்தார். பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ 1948-இல் இந்தியா வந்தார். 1949-இல் இரமண மகரிசியைத் தரிசித்தார். 1950-இல் அருள்தந்தை மோன்சானேயுடன் குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார். 1952 முதல் பலமுறை அருணாசல மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார். அபிசிக்தானந்தா என்று பெயர் கொண்ட அவர் 1973-இல் இறக்கும்வரை நாள்தோறும் திருப்பலி நினைவோடு வாழ்ந்த குருவாகவே இருந்தார். இரண்டு மலைகளுக்கு நடுவே நிற்பவனின் வேதனை அவரது எழுத்தில் தெரியும். எளிய சமரசம் அவருக்குக் கைவரவில்லை. அதனாலேயே அவரை நாம் நம்பலாம்.

திருஅவையின் நிலைப்பாடு மறைவானது அன்று. 601-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பெரிய கிரகோரி, இங்கிலாந்தில் நற்செய்தி அறிவிக்கச் சென்றவர்களுக்கு, மக்களின் வழிபாட்டிடங்களை இடிக்க வேண்டாம், அவர்களின் விழாக்களையும் கிறிஸ்தவப் பொருளில் தொடரவிடுங்கள் என்று எழுதியனுப்பினார். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கும் எதையும் திருஅவை ஒதுக்குவதில்லை என்ற பொருள்பட அறிவித்தது. 1969 ஏப்ரல் 25-இல் இந்தியத் திருவழிபாட்டுக்கென உரோமை ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு தழுவல்களில், மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்பதும் ஒன்று. இதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் தமிழரான அருள்தந்தை அமலோர்பவதாஸ். இன்று நம் ஆலயங்களில் சிலுவை பொருத்திய குத்துவிளக்கு நிற்கிறது. 1999 நவம்பர் 7-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புதுதில்லியில் திருப்பலி நிறைவேற்றியது தீபாவளி நாளன்று. ஆண்டுதோறும் தீபாவளிக்கு வத்திக்கான் வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது.

எனவே அந்தத் தாயிடம் நாம் சொல்வது இதுதான். "அம்மா, வாசலில் விளக்கு வையுங்கள். யாரைக் கும்பிட்டு வைக்கிறீர்கள் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். உலகின் ஒளி யார் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டம்மா பொரி உருண்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; கிறிஸ்துமசுக்கு நீங்கள் கொடுக்கிற பலகாரத்தை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் அல்லவா? விளக்கு வைத்த கையோடு ஒரு திரியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இந்தத் தெருவில் யார் வீட்டில் இந்த வருடம் விளக்கு இல்லை என்று பார்த்துவரச் சொல்லுங்கள்." சாவு விழுந்த வீட்டில் விளக்கு இராது. வேலை இல்லாத வீட்டில் எண்ணெய் இராது. பாஸ்கா இரவில் ஒரே திரியிலிருந்து ஆலயம் முழுதும் ஒளி பரவுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

மகாதீபத்தைப் பற்றி இன்னொரு செய்தி பாக்கி இருக்கிறது. பதினொரு நாள் எரிந்து முடிந்தபின் கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த கரியைச் சேகரித்து மையாக்குகிறார்கள். மார்கழித் திருவாதிரையன்று அந்த மை முதலில் நடராசருக்குச் சாத்தப்பட்டு, பிறகு மக்களுக்கு வழங்கப்படுகிறது. நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். நம் ஆலயங்களிலும் சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் ஏந்திய ஓலைகளை எரித்துச் சாம்பலாக்கி, தவக்காலத்தின் முதல் நாளில் மக்களின் நெற்றியில் பூசுகிறோம். அந்த நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் திருநீற்றுப் புதன்.